சுவரைச் சுரண்டியவர்கள்

கோயில் வேலை என்றால் திறப்பு வேலை. திறப்பது, பூட்டுவது, இடையில் திறப்பைத் தேடுவது. சாவியைத்தான் எங்கள் பக்கம் திறப்பு என்பது. பூசை வைக்கிற பாதருக்கு வானம் பொறுப்பு. எனக்குக் கதவு, மணி, மெழுகுதிரி, நிலம், கோபுரத்தில் கூடு கட்டுகிற புறா. பள்ளிக்கூடமோ மண்டபமோ வாசிகசாலையோ, ஏதாவது ஒன்றின் திறப்புக்கோர்வையைச் சுமந்து இடுப்பு சரிந்தவர்களுக்கு இது விளங்கும். மற்றவர்கள் விளங்காமலே வாசியுங்கள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனிலிருந்து ஒரு ரயிலும் ஒரு பஸ்ஸும் எடுத்துப் போகிற கிராமம். மாடு, சோளம், நடுவில் மணற்கல்லால் கட்டிய கத்தோலிக்கக் கோயில். எண்ணூறு வயது என்றார்கள். நான் மன்னாரில் எங்கள் ஊர்க் கோயிலில் பன்னிரண்டு வருடம் சங்கிலித்தாம். மணி அடித்து, பாதருக்கு உடுப்பு எடுத்து வைத்து, கோயிலைப் பார்க்கிறவனுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். இங்கே அதே ஆளைக் கூஸ்டர் என்கிறார்கள். என் தகப்பன் பெயர் மனுவேல். கடதாசியில் அதுதான் பின்னால் நின்றது. ஆகவே ஊர் முழுக்க நான் ஹெர் மனுவேல், அதாவது திருவாளர் மனுவேல்.

முதல் ஆறு மாதம் தகுதி பார்க்கிற காலம். அது சரிவந்தால் நிரந்தர ஒப்பந்தம். ஒப்பந்தம் இருந்தால் வெளிநாட்டார் அலுவலகத்தில் என் மனுசி வெரோனிக்காவைக் கூப்பிட விண்ணப்பம் போடலாம். அவள் மடு அகதி முகாமில் இருந்தாள். ஐந்து வருடமாக நான் அவள் முகம் காணவில்லை. ஆறு மாதம் பிழை விடக்கூடாது, அவ்வளவுதான். விட்டேன்.

இல்லாத கதவுகளின் திறப்புகள்

திறப்புக்கோர்வையைத் தந்தவர் ஃபிராவ் பெர்னிங். அறுபதை எட்டிய விதவை. கோயில் நிர்வாகக் குழுவில் இருந்தார். முப்பது வருடமாகச் சனிக்கிழமைகளில் சம்பளம் இல்லாமல் கோயிலைத் துடைப்பவரும் அவர்தான். ஆளைப் பார்த்துச் சிரிக்கமாட்டார். நானும் சிரிப்பதில்லை. சரியாகப் போயிற்று.

கோர்வையில் பதினான்கு திறப்பு. ஒரு நாள் முழுக்க நடந்து பார்த்தேன். ஐந்துதான் எதையாவது திறந்தன. மிச்சம் ஒன்பதும் எதற்கு என்று கேட்டேன். ஒன்று இடிந்துபோன எலும்புக் கிடங்குக்கு. ஒன்று பழைய பாதர் வீட்டுக்கு, அது இப்போது வங்கி. ஒன்று வடக்கு வாசலுக்கு, அதைக் கல்லால் அடைத்து முந்நூறு வருடமாம். மற்றவை எதற்கு என்று அவருக்கே தெரியாது. ஒவ்வொன்றும் அரைக் கிலோ இரும்பு. கழற்றி வைக்கட்டுமா என்றேன்.

ஃபிராவ் பெர்னிங் கோர்வையை என் கையில் திரும்ப வைத்தார். “கதவு போனது கதவின் பிழை. திறப்பு என்ன செய்தது?”

அடைத்த வாசல்

ஹெர் லாமர்ஸ் ஓய்வுபெற்ற வாத்தியார். கோயிலின் வரலாற்றைச் சிறு புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். ஞாயிறு மத்தியானம் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் அவர்தான். ஒரு ஞாயிறு அவருக்குத் தொண்டை கட்டிவிட்டது. வெளியே ஒரு பஸ் நிறைய ஓய்வூதியக்காரர். பாதர் என்னைப் பார்த்தார். “கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் நில்லுங்கள், போதும்” என்றார்.

பேசாமல்தான் நின்றேன். ஒருவர் வடக்குச் சுவரில் அடைத்திருந்த வாசலைக் காட்டி, இது எதற்கு என்று கேட்டார். பெண்கள் வாசல் என்றேன். எல்லாரும் தலையாட்டினார்கள். ஒருத்தி படம் எடுத்தாள்.

மறுநாள் வாத்தியார் கரகரத்த குரலோடு வந்துவிட்டார். அது பெண்கள் வாசல் என்று பழைய ஆயர் ஒருவரின் குறிப்பில் இருந்ததாம். அதை ஆவணக் காப்பகத்தில் தேட இவருக்கு இரண்டு வருடம் பிடித்ததாம். எனக்கு யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை, எங்கள் ஊர்க் கோயிலில் பீடத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் பெண்கள், வலப்பக்கம் ஆண்கள், ஆளுக்கொரு வாசல் என்றேன். அவர் சால்வையை இறுக்கிக்கொண்டார்.

“அது வரலாறு இல்லை, ஹெர் மனுவேல். அது வழக்கம்.”

எட்டுச் சோடி

கெல்சென்கிர்ச்சனிலிருந்து ஜெபமாலை குடும்பமும் இன்னொரு குடும்பமும் என்னைப் பார்க்க வந்தார்கள். ஜெபமாலை யாழ்ப்பாணப் பக்கத்து ஊர்காவற்துறை ஆள். இரும்பு ஆலையில் வேலை. மனுசி ஞானம். வாய்க்காரி, நல்ல மனுசி. சோறு, மீன்குழம்பு, பிளாஸ்கில் தேத்தண்ணி எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். கோயிலுக்குள் போகும்போது எங்கள் வழக்கப்படி எல்லாரும் செருப்பையும் சப்பாத்தையும் வாசலில் கழற்றிவிட்டார்கள். எட்டுச் சோடி. வரிசையாக.

உள்ளே ஒரு செபமாலை சொல்லி முடித்துவிட்டு வெளியே வந்தால் வாசல் வெறுமை. அந்தக் கிழமை பழைய உடுப்பு, சப்பாத்துச் சேர்க்கிற கிழமை. ஊர்ச் சனம் கோயில் வாசலில் வைத்துவிட்டுப் போகும், லொறி வந்து எடுத்துப்போகும். ஃபிராவ் பெர்னிங் எட்டுச் சோடியையும் சோடி சோடியாக நூல் கட்டி, பையில் போட்டு, லொறியில் ஏற்றிவிட்டார். நல்ல நிலையில் இருந்ததாகப் பாராட்டியும் சொன்னார்.

பாதரின் சைக்கிளில் லொறியைத் துரத்திப் பக்கத்து ஊரில் பிடித்தேன். ஏழு சோடி கிடைத்தது. ஞானம் அக்காவுடையது கிடைக்கவில்லை. பாதரின் வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

“கோயிலுக்கு வந்தால் பாவம் போகுமெண்டு தெரியும் அண்ணை. சப்பாத்தும் போகுமெண்டு ஒருத்தரும் சொல்லேல்லை.”

வாளா, அரிவாளா

தெற்கு வாசலின் இரண்டு பக்கமும் கல்லில் கோடுகள் உண்டு. நெட்டாக, விரல் நீளம், சில கை நீளம். நடுவில் ஆழம், இரண்டு முனையிலும் மேலெழுந்து தோணி மாதிரி. அவற்றுக்கிடையில் சின்னச் சின்ன வட்டக் குழிகளும். மொத்தம் எத்தனை என்று எண்ணத் தொடங்கி, அறுபதுக்கு மேல் கண் மங்கி விட்டுவிட்டேன்.

இது என்ன என்று ஊரில் கேட்டுப் பார்த்தேன். மாட்டுப் பண்ணைக்காரர் அரிவாள் தீட்டியது என்றார். பாதர், பிசாசின் நகம் என்று சிறு வயதில் சொன்னார்களாம் என்று சிரித்தார். வாத்தியார் சிரிக்கவில்லை. போருக்குப் போகிற வீரர்கள் ஆசீர்வாதம் வேண்டி வாளைக் கோயில் கல்லில் தீட்டினார்கள், புத்தகத்திலும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன் என்றார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாள் தீட்டுகிறவனுக்கு எந்தச் சுவரும் சரி. ஏன் வாசலோடு மட்டும்? சில கோடுகள் முழங்கால் உயரத்தில். குந்தியிருந்தா வாள் தீட்டுவான்? வட்டக் குழிக்குள் எந்த வாள் போகும்? காலையில் வாசல் கூட்டும்போது ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் விரலை வைத்துப் பார்ப்பேன். கூட்டுகிற வேலை அரை மணி நேரம் பிந்தும். என் சந்தேகத்தை ஒரு நாள் வாத்தியாரிடம் எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். முழுதும் கேட்டார். அது அவருடைய நல்ல குணம்.

“ஹெர் மனுவேல், நீங்கள் கூட்டுங்கள். வரலாற்றை நான் பார்க்கிறேன்.”

பிலிம் டப்பா

பிழை விட்டது இங்கேதான். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஐந்தாம் மாதம், ஒரு ஞாயிறு, ஞானம் அக்கா திரும்ப வந்தார். இந்த முறை சப்பாத்தைக் கையிலேயே வைத்திருந்தார். அவரிடம் கோடுகளைக் காட்டினேன். மனதில் இருந்ததைத் தமிழில் சொல்ல ஒரு ஆள் கிடைத்ததே என்ற சந்தோசம். “இது வாள் இல்லை அக்கா. சனம் கல்லைச் சுரண்டி மருந்தாக் குடிச்சிருக்கு. எங்கட மடு மண் மாதிரி” என்றேன். மடு மாதா கோயில் மண்ணை எங்கள் சனம் எடுத்துப்போய்ப் போத்திலில் வைத்திருக்கும். பாம்பு கடித்தால் பூசும், காய்ச்சல் என்றால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும். சமயம் பார்க்காமல் எல்லாரும் செய்வார்கள். ஞானம் அக்கா சுவரைப் பார்த்தார். “அப்பிடியோ” என்றார். அவ்வளவுதான்.

திங்கள் காலை வாசலில் ஒரு புதுக் கோடு. பழையவை கறுப்பு. இது மஞ்சள், பச்சைப் புண் மாதிரி. போனைச் சுழற்றினேன்.

“அக்கா, சுவரிலை கை வைச்சனீங்களோ?”

“கை வைக்கேல்லை அண்ணை. தேக்கரண்டி.”

“எந்தத் தேக்கரண்டி?”

“பிளாஸ்கோடை கொண்டு வந்தது. கொஞ்சம்தான். பிலிம் டப்பாக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறன்.”

“உது சட்டத்தாலை பாதுகாக்கிற கல்லு. எண்ணூறு வருசம்.”

“பழைய கல்லெண்டால்தானே வேலை செய்யும்.”

“எனக்கு வேலை போகப்போகுது. வெரோனிக்கா வரேலாது. விளங்குதோ?”

அவருக்குத் தீராத தலையிடி. எத்தனையோ மாதமாக. அது எனக்கும் தெரியும். அக்கா மெல்லச் சொன்னார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. டொக்டரைப் பார்க்க டெர்மின் தந்தது மூண்டு மாதத்துக்குப் பிறகு. கோயில் சுவருக்கு டெர்மின் தேவையில்லை எண்டு நினைச்சிட்டன்.”

சிவப்புக் கோட்டு

செவ்வாய் எல்லாரும் கண்டுவிட்டார்கள். ஃபிராவ் பெர்னிங் ஈரத்துணியால் தரையில் கிடந்த தூளைத் துடைத்தார். வாத்தியார் துள்ளினார். பஸ் தரிப்பில் நிற்கிற பொடியளின் வேலை, பொலிசுக்குச் சொல்லவேண்டும் என்றார். எனக்கு ஒப்பந்தம் வர இன்னும் மூன்று கிழமை. வாயைத் திறக்காவிட்டால் வந்துவிடும். ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் இருந்தேன். செய்யாத பொடியளைப் பொலிசு பிடிக்கும், நான் மனுசியைக் கூப்பிடுவேன். எங்கள் ஊரில் அந்த மாதிரிப் பிடிபட்ட பொடியள் எத்தனை பேரை எனக்குத் தெரியும்.

புதன்கிழமை பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அலுவலகத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். சிவப்புக் கோட்டு போட்டவர், கழுத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடிவில்லை. கோடுகளுக்குள் மழைநீர் தேங்கிக் கல் உதிர்கிறது, சாந்து வைத்து அடைக்கலாமா என்று பார்க்க முன்பே ஒழுங்கு செய்த வருகை அது. வாத்தியார் பக்கத்தில் நின்று வாள் கதை சொல்லிக்கொண்டிருந்தார். நான் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டுப் போனேன். “பொடியள் இல்லை. ஒரு தமிழ்ப் பெண், மருந்துக்கு. தேக்கரண்டியால். அவருக்குச் சொன்னது நான்.” மூச்சு விடாமல் சொன்னேன். வாத்தியாரின் முகம் அந்த அம்மாவின் கோட்டு நிறத்துக்கு வந்தது.

சுவரடியில் குந்தியிருந்த அந்த அம்மா எழும்பினார். “தேக்கரண்டியா? ஒன்று கொண்டு வாருங்கள்.” கொண்டுவந்தேன். சுவரைத் தொடவிடவில்லை. கோபுரத்தின் அடியில் உடைந்து கிடந்த கல்லொன்றைத் தூக்கி, என்னைப் படியில் இருத்தி, மடியில் வைத்து, சுரண்டிக் காட்டச் சொன்னார். மேலும் கீழுமாகச் சுரண்டினேன். நடுவில் ஆழம், முனையில் ஏறி, தோணி. கரண்டி முனையை ஒரே இடத்தில் சுழற்றினேன். வட்டக் குழி. கண்ணாடிவில்லையால் என் கல்லைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், திரும்ப என் கல்லைப் பார்த்தார். தூளை என்ன செய்வீர்கள், எவ்வளவு, தண்ணீரிலா பாலிலா என்று கேட்டுக் கேட்டு இரண்டு பக்கம் எழுதினார். மருந்துக்குச் சுரண்டினார்கள் என்று படித்தவர்கள் சிலர் சொல்வதுண்டாம், ஆனால் சுரண்டுகிறதை அவர் கண்ணால் கண்டதில்லையாம். போகிறபோது திரும்பி வந்தார். அந்தப் பெண்ணுக்குத் தலையிடி சுகமா என்று கேட்டார். நான் விசாரிக்கவில்லை என்றேன்.

“விசாரித்துச் சொல்லுங்கள். அறிக்கையில் எழுத முடியாது. எனக்குத் தெரியவேண்டும்.”

கீழிருந்து மூன்றாவது கல்

சனிக்கிழமை காலை நிர்வாகக் குழு கூடியது. என்னைக் கதவோரக் கதிரையில் இருத்தினார்கள். பேசுகிற விசயம் ஒன்றுதான்: ஹெர் மனுவேலை வைத்திருப்பதா, விடுவதா.

வாத்தியார் எழும்பினார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஆள் நேர்மையானவர், உண்மையைச் சொன்னார், ஒப்புக்கொள்கிறேன் என்றார். ஆனால் கோயிலைப் பார்க்க வைத்த ஆளே கோயிலைத் தின்னச் சொல்லிக் கொடுத்தால் என்ன செய்வது என்றார். பாதர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெரோனிக்காவுக்கு எழுதவேண்டிய கடிதத்தின் முதல் வரி மனதில் ஓடத் தொடங்கியது.

“தூர தேசங்களில் வழக்கம் எப்படியோ தெரியாது,” என்று வாத்தியார் முடித்தார். “இந்த ஊரில் யாரும் சுவரைத் தின்றதில்லை.”

“நான் தின்றேன்,” என்றார் ஃபிராவ் பெர்னிங்.

மடியில் கைப்பையை வைத்தபடி, எழும்பாமல் சொன்னார். போர் முடிந்த பிறகு வந்த குளிர்காலம். அவருக்குப் பத்து வயது. காய்ச்சல். டொக்டர் இல்லை, மருந்து இல்லை. விடியவும் அம்மா உருளைக்கிழங்கு சீவுகிற கத்தியோடு வெளியே போனாள். திரும்பி வந்து பாலில் எதையோ கலக்கினாள். என்ன அது என்று கேட்டதற்கு, கோயில் என்றாளாம். அந்தக் கோடு இப்போதும் இருக்கிறது: வாசலுக்கு வலப்பக்கம், கீழிருந்து மூன்றாவது கல். சனிக்கிழமை துடைக்கும்போது அதை மட்டும் கையால் துடைப்பாராம். வேறு வீட்டுக்காரரும் எடுத்தார்கள், பெயர் சொல்லமாட்டேன் என்றார். குழுவில் இரண்டு பேர் யன்னலுக்கு வெளியே பார்த்தார்கள்.

பாதர் மெல்லக் கேட்டார், என்ன ருசி என்று. மணல் ருசி என்றார். வாத்தியார் கதிரையில் இருந்துவிட்டார். பாவம், வயது போனது ஒரே நிமிடத்தில் தெரிந்தது. நாற்பது வருடம் இந்த ஊரில் படிப்பித்தேன், எனக்கு ஒருவரும் இதைச் சொல்லவில்லையே என்று ஃபிராவ் பெர்னிங்கிடம் சொன்னார்.

“நீங்கள் கேட்கவில்லை, ஹெர் லாமர்ஸ். நீங்கள் எப்போதும் சொல்லிக்கொண்டே இருந்தீர்கள்.”

சிலர்

ஒப்பந்தம் கிடைத்தது. கடைசிப் பக்கத்தில் தட்டச்சில் ஒரு வரி கூட்டியிருந்தார்கள்: சுவரைச் சுரண்டுவதை ஊழியர் தடுக்கவேண்டும். கையெழுத்து வைத்தேன். கோடுகளைச் சாந்து வைத்து அடைக்கக்கூடாது என்று சிவப்புக் கோட்டு அம்மாவிடமிருந்தும் கடிதம் வந்தது. ஞானம் அக்காவின் தலையிடி பற்றி அவருக்கு எழுதிப் போட்டேன். நின்றுவிட்டது. கண்ணாடி போட்ட பிறகு. கண்ணாடியாலா கல்லாலா என்று அக்காவுக்கும் தெரியாது, அதையும் எழுதினேன்.

வாத்தியார் என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு ஒரு காலை அச்சுக்குப் போகமுன் புத்தகத்தின் தாள்களோடு வந்தார். வாள் பக்கம் அப்படியே இருந்தது. கீழே ஒரு வசனம் புதிது: மருந்துக்காகச் சுரண்டியிருக்கலாம் என்று சிலர் கருதுவர். சிலர் என்றால் யார் என்று கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நீங்களும் ஃபிராவ் பெர்னிங்கும். இரண்டு பேர் என்றால் அது சிலர்தான்.”

டுசல்டோர்ஃப் விமான நிலையம்

விண்ணப்பம், முத்திரை, திரும்ப விண்ணப்பம் என்று இன்னும் ஒரு வருடம் போயிற்று. அதை எழுதவில்லை. உங்களில் யாராவது வெளிநாட்டார் அலுவலகத்து வாங்கில் குந்திக் காத்திருந்தால் உங்களுக்கே தெரியும், மற்றவர்களுக்குச் சொன்னாலும் விளங்காது.

கண்ணாடிக் கதவு திறந்து திறந்து மூடியது. ஆட்கள் வந்தார்கள், போனார்கள். கடைசியில், எல்லாரும் போன பிறகு, வெரோனிக்கா வந்தாள். யாரோ கொடுத்த ஆண்பிள்ளைக் கோட்டு, தோளில் ஒரு பை. மெலிந்திருந்தாள். என்னைத் தாண்டிப் பத்தடி போய்விட்டாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். அவசரப்படாமல் பார்த்தாள். பையை வாங்கிக்கொண்டேன்.

“ஒரு கோயிலைக் கூட்டி முடிக்க ஆறு வருசமோ?” என்றாள்.

ஒரு கோயிலின் வரலாறு தெரியவேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அதைத் துடைக்கிற மனுசியைக் கேளுங்கள், ஆனால் அவர் வாய் திறக்கும்வரை உங்கள் வேலை நிலைக்குமா என்பதற்கு நான் பொறுப்பில்லை.